ரெஜினாவின் மூக்கும் புதுக் குழாயும்

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. ஆனியே முடியவில்லை, அதற்குள் ஆடிக் காற்று. மாடிக் கொடியில் ஒரு துண்டுகூட நிற்கவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எஞ்சின் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சிக்கந்தர் எழுந்து கேட்டான்: "சார், வேண்டாத புகைதானே? அது எந்த வழியாப் போனா நமக்கென்ன?" பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். நல்ல கேள்வி. பதில் தெரியாததால் உட்கார வைத்தேன். அவனுக்கு இப்போது நாகல் நகரில் ஒர்க்‌ஷாப். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

என் கார் அவனிடம். டர்போ வண்டி: வெளியேறும் புகையே ஒரு விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும். டர்போவிலிருந்து புகை இறங்கும் முதல் குழாய்க்கு டவுன்பைப் என்று பேர். அது விரிசல் விட்டுவிட்டது. புகை வாடை முழுக்க உள்ளே. போன மாதம் வத்தலக்குண்டு சாலையில் என் மனைவி ரெஜினா குமட்டல் தாங்காமல் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை இட்லியோடு வந்த தீர்ப்பு:

"ஞாயித்துக்கிழமை சிறுமலைக்கு அக்கா வீட்டுக்குப் போறோம். பதினெட்டு வளைவுலயும் எனக்கு வாடை வரக் கூடாது. வந்துச்சு, திங்கக்கிழமை வண்டிய ஒட்டன்சத்திரத்துக்காரருக்குக் குடுத்துருங்க."

வண்டியை விலைக்குக் கேட்கும் அந்த மனிதர் இதுவரை இரண்டு முறை போன். "ஏனுங்க சார், வண்டிய எப்பங்க வந்து எடுத்துக்கட்டும்?"

பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது! புதுக் குழாய். கம்பெனிக் குழாயைவிட அகலம். நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அதற்குள்ளேயே. அது இல்லாத குழாய் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இழுப்பு. கூடத்தில் வைத்து மூன்று முறை சுற்றி வந்தேன். ரெ. பார்த்தாள். "கன்னுக்குட்டி பொறந்த மாதிரில்ல இருக்கு."

நாலு நாள். எனக்கு அறுபத்தாறு வயது. தூக்கம் வருமா தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில், புழுதி. எட்டு மணிக்கே ஒர்க்‌ஷாப். ஷட்டர் திறக்கவில்லை. வாசலில் நின்றேன்.

சி.: "சார், பள்ளிக்கூடத்துக்குக்கூட இம்புட்டு வெள்ளன வந்ததில்லையே நீங்க!"

துரு பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பு. அவசரப்பட்டால் முறியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவனுடைய பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். நாலேகால் மணி பெல். பள்ளிக்கு ஒரே ஒரு குறுகிய கேட். முன்னால் போனவன் கேட்டில் மாட்டினால், வகுப்பில் இருப்பவன் பெஞ்சை விட்டே எழ முடியாது. எஞ்சினும் அப்படி. உள்ளே இருக்கும் புகை வெளியேறினால்தான் டர்போ விசிறி நன்றாகச் சுற்றும், புதுக் காற்று உள்ளே வரும்.

"அம்புட்டுத்தானா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்ல சார்."

டீ வாங்கிக் கொடுத்தேன்.

கழற்றியவை: வெப்பத் தகடு 1. அதன் போல்ட் 3. சென்சார் 2. டர்போ பக்க நட்டு 4. கீழ்ப் பக்க போல்ட் 2. தாங்கு ரப்பர் 1. கசிவை அடைக்கும் கேஸ்கெட் 1 (குப்பைக்கு, புதுசு 2 இருக்கிறது). நட்டு, போல்ட் எல்லாம் வீட்டுப் பழைய இட்லித் தட்டில், குழிக்கு ஒன்றாக, சாக்பீஸ் நம்பரோடு. விடைத்தாளை எண்ணாமல் யாரையும் தேர்வறையை விட்டு வெளியே விட்டதில்லை, அந்தப் பழக்கம்.

பழைய குழாயில் விரல் நீள விரிசல். ரெ. சொன்னது சரி.

டர்போவின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நட்டு விழுந்தால் எல்லாம் போச்சு. சி. வேஸ்ட் துணியால் அடைக்கப் போனான். நூல் பிரியும் என்று தடுத்து, நான் கொண்டுபோன ரெஜினாவின் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசலை உருட்டி நானே அடைத்தேன். கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி.

ஜூலை 11, வெள்ளி

குழாய் ஏறிவிட்டது!

காலையில் கீழ்ப் பக்கத்தை மட்டும் தளர்வாக மாட்டினோம். ஒரு மணிக்கு சி. ஜும்மாவுக்குப் போனான். திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "சார், எல்லாம் எடுத்தாச்சா?" பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அதனதன் குழியில். "எல்லாம் சரி," என்றேன்.

நாலு நட்டையும் முதலில் கையால், பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்ட பிறகுதானே சோறு. ஒன்றை மட்டும் முதலில் இறுக்கினால் குழாய் கோணிக்கொள்ளும்.

ஸ்டார்ட். புகை.

"புதுக் குழாய் செத்த நேரம் புகையும் சார். எண்ணெய்ப் பிசுக்கு."

அரை மணி. இன்னும் புகை. வண்டி திணறுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்தால் பழைய வேகம்கூட இல்லை. சி. முகம் சுருங்கிவிட்டது. நான் குறித்த சந்தேகங்கள்: சென்சார் ஒயர்? கேஸ்கெட்? டர்போவே போச்சா?

ஒட்டன்சத்திரத்துக்காரர் மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

காலை முழுக்கத் தேடினோம். சென்சார் சரி. ஒயர் சரி. சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் ரெஜினா, கையில் தூக்குவாளி. நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். இன்னும் நாலடி தள்ளி நிற்கும்போதே அவளுக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"யாரு இங்க துணியக் கொளுத்துனது?"

சி.: "துணியெல்லாம் இல்லம்மா. எண்ணெய்."

"ஏம்ப்பா, சின்னாளப்பட்டியில சேலைக் கடையில பொறந்தவகிட்ட சொல்றியா? எங்க அப்பா நூல உருவிக் கொளுத்தி மோந்து பாத்துத்தான் சரக்கு எடுப்பாரு. இது காட்டன். கலப்பே இல்லாத காட்டன்."

சி. என்னைப் பார்த்தான். நான் இட்லித் தட்டைப் பார்த்தேன். கழற்றியதை எல்லாம் எழுதியிருக்கிறேன். அடைத்ததைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

சூடு ஆறும்வரை காத்திருந்து கழற்றினோம். துணி டர்போ வாயில் இல்லை. புகை தள்ளிக்கொண்டு போய்க் கன்வெர்ட்டர் முகத்தில் அப்பியிருந்தது. முக்கால்வாசி கரி. கொக்கியால் இழுத்தான். ஓரத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறம், இரண்டு வெள்ளைப் புள்ளி.

ரெ. அதை வாங்கிப் பார்த்தாள். "என் சேலை!"

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. சி. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தே சிரித்தான். "எண்ணிப் பாருன்னு எத்தனை நாள் என்னைய முட்டி போட வச்சீங்க சார்!" உண்மை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டர்போவை டார்ச் அடித்துப் பார்த்தான். விசிறி விரலுக்கு லேசாகச் சுற்றியது, கீறல் இல்லை. கன்வெர்ட்டரை ஊதிச் சுத்தம். இரண்டாவது கேஸ்கெட். நாலரைக்கு மறுபடி ஸ்டார்ட். புகை இல்லை! சத்தம் கொஞ்சம் கனம், தொண்டை கட்டிய ஆள் பேசுவதுபோல். பைபாஸ் வரை போய் வந்தோம். மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டியது. இரண்டு பேரும் "ஆ!" என்று கத்திவிட்டோம்.

ஆனால் தீர்ப்பு சொல்லும் மூக்கு இன்னும் ஏறவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடித்து ஏழரைக்குப் புறப்பாடு. ரெ. முன் சீட்டில். மடியில் எலுமிச்சை, கையில் பிளாஸ்டிக் பை, எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்றாம் வளைவு: பிளாஸ்டிக் பையைப் பிரித்து வைத்துக்கொண்டாள். ஏழு: மூக்கை உறிஞ்சினாள். நான் வேகத்தைக் குறைத்தேன். பதினொன்று: கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். உள்ளே அடைத்து வைத்து மோந்து பார்க்கிறாள்! எங்கள் தேர்வுத்துறைகூட இத்தனை கடுமை இல்லை. பதினான்கு: இறக்கச் சொன்னாள்.

"வெளிய வாழைப்பழ வாசம் வருது. உள்ள ஒண்ணும் வரல."

பதினெட்டு. எலுமிச்சையைத் தொடவே இல்லை.

அக்கா வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன் என் போனை வாங்கி ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் அவளே பேசினாள். "அண்ணே, வண்டி விக்கிறதா இல்லைங்கண்ணே. ஆமா, ஓடுது. நல்லாவே ஓடுது." வைத்துவிட்டு என்னிடம்: "சேலைக்கு மட்டும் பதில் சொல்லணும் நீங்க."

ஜூலை 14, திங்கள்

காற்று நிற்கவில்லை. இட்லித் தட்டு வீடு திரும்பியது. சிக்கந்தருக்கு வாய்ப்பேச்சில் சொன்ன பதில் போதாது. இன்று இரண்டு ஸ்ட்ராவாகக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதை யார் படித்தாலும் செய்து பாருங்கள்: இளநீர்க் கடையில் மெல்லிய ஸ்ட்ரா ஒன்று, தடித்த ஸ்ட்ரா ஒன்று வாங்கி, ஒரே மூச்சை இரண்டிலும் ஊதுங்கள்; பிறகு தடித்ததன் வாயில் ஒரு சிட்டிகைத் துணியை அடைத்து இன்னொரு முறை ஊதுங்கள்.