நீங்கள் விட நினைத்த வேலை

இன்று மாலை ஆம்பூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் பேருந்தில் ஏறியதும் பசை வாசம் குப்பென்று அடித்தது. உங்களுக்கு அந்த வாசமே ஆகாது. நான் கம்பெனி விட்டு வந்ததுமே "குளிச்சிட்டு வந்து பேசுடி" என்பீர்கள். எனக்கோ, இறங்கித் திரும்பக் கம்பெனிக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது.

என்னோடு தையல் மெஷினில் இருந்தாளே நசீமா, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சூப்பர்வைசர் வேலை காலியாவுதுக்கா. மேனேஜர் உன்னத்தான் கேக்கறாரு. இன்னா, வர்றியா?" என்றாள். அங்கே என் கைக்கு மரியாதை இருந்தது.

நீங்கள் பணியில் இருக்கும்போதே இறந்ததால், கருணை அடிப்படையில் உங்கள் அரசு அலுவலகத்திலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். அங்கே என் பெயர் 'கருணை கேஸ்'. சேர்ந்த அன்று பாத்ரூம் போகப் பாஸ் கேட்டுக் கண்காணிப்பாளர் மேஜை முன்னால் நின்றேன். கம்பெனியில் பாஸ் இல்லாமல் எழுந்திருக்க முடியாதே! அவர் முழித்தார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது யாரையும் கேட்காமல் எழுந்து போகிறேன். வேலையை விட்டுத்தான் போக முடியவில்லை.

நீங்களும் இதைத்தானே தினம் புலம்பினீர்கள்? "மனுஷன் இருப்பானாடி அங்க? ஒரே பேஜாரு. பையன் படிப்பு முடியட்டும், எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன். ஏலகிரில டீக்கடை போடலாம்." அப்படித் திட்டிக்கொண்டே காய்ச்சலோடும் கிளம்புவீர்கள். "ஜனங்க வந்து நிப்பாங்கடி" என்பீர்கள். அது பற்றா, பயமா, பழக்கமா? நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் நசீமா சொன்னதைச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தார். "என் புள்ள உசுரக் குடுத்து வாங்கித் தந்த வேலைடி அது" என்றார்.

கோபம் கோபமாக வருகிறது, உங்கள் மேல்தான். பிடிக்காத வேலையை உயிரோடு இருக்கும்போதே விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? இப்போது நான் விட்டால் நீங்கள் சும்மாவே செத்துப் போனதாக ஆகிவிடும். அதை என்னால் செய்ய முடியாது. நசீமாவுக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கும் எல்லாருக்கும் முந்திப் போய் உங்கள் நாற்காலியில் உட்காருவேன். "ஆபீஸ் மேல இந்தம்மாவுக்கு இருக்கற பற்று இங்க வேற யாருக்கும் இல்ல" என்று கண்காணிப்பாளர் என்னைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுகிறார். இல்லை சார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.