மார்பு இருபத்தாறு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன். ஊசி ஏறிய விரலும் ஆறிவிட்டது.

குண்டு துளைக்காத உடுப்பு தைக்கிற இடமென்று பயப்படாதீர்கள். சுட்டுப் பார்ப்பதெல்லாம் பின்பக்கக் கட்டடத்தில்தான். போன வாரம் புது ஆர்டருக்கு மாதிரித் துண்டு கொடுக்கப் போனவள் நின்று பார்த்தேன். எஃகு, பீங்கான், இழைத்துணி மூன்றையும் உடம்புக்குப் பதிலாக வைத்த களிமண் மேல் கட்டிச் சுட்டு, மண்ணில் விழும் குழியை அளந்தார்கள். எஃகுக்குப் பின்னால் குழியே இல்லை. பீங்கான் குண்டை நிறுத்திவிட்டு நொறுங்கிப்போனது. துணியும் நிறுத்தியது, ஆனால் பின்னால் விழுந்த குழியில் என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போனது.

"எஃகையே வச்சிடலாமே சார்" என்றேன். என் வாய்தான் சும்மா இருக்காதே. சூப்பர்வைசர் சிரித்தார். "இந்த சைஸுக்கு கனம் தாங்காதும்மா. போட்டுக்கிட்டு ஓடணும்ல? துணியே போதும்."

அப்புறம்தான் அளவுச் சீட்டைக் கொடுத்தார். மார்பு இருபத்தாறு, தோள் பதினொன்று. புறப்படுவதற்கு முன் பாப்பாவின் யூனிபார்ம் சட்டைக்கு நான் வெட்டிய அதே அளவு. மொத்தம் நானூறு. யாருக்கு என்று கேட்டேன். "தைக்கிற வேலையை மட்டும் பாரும்மா" என்றார்.

நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என் பழைய கத்தரிக்கோலை யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். இங்கே உள்ளது கைக்கு அடங்கவில்லை. தலைவலித் தைலமும் ஒன்று.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். பாப்பாவை நிற்கவைத்து ஒருமுறை அளந்து எழுதுங்கள். இருபத்தாறைத் தாண்டியிருப்பாள். டேப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி