நகெட்டுக்குக் கண்ணூறு கழித்தது

ஜனவரி 23, வியாழன்

மைனஸ் பதினெட்டு. ஆரணியின் ஒற்றைக் கையுறை மறுபடியும் பள்ளிக்கூடத்தில். வாங்க: பாண், முட்டை, புழு.

ஆரணியின் வளர்ப்புப் பல்லி, நகெட், இன்றும் சாப்பிடவில்லை. ஆறாவது நாள். காலை 53 கிராம், மாலை 52. ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் விட்டு, சமையலறைத் தராசில். வால் மெலிந்த மாதிரி. இந்தச் சாதிப் பல்லிக்குச் சேமிப்பெல்லாம் வாலில்தான்.

சுதன் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை: "பல்லியை நாளுக்கு ரெண்டு தரம் நிறுக்கிறீர். என்னையும் ஒருக்கா நிறுத்துப் பாருமன்."

சிரிப்பு வரவில்லை. இவருக்கு அது பல்லி. ஆரணி வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ரீச்சர் சொன்னபிறகு வாங்கியது. ஏழு வயதுப் பிள்ளை, வீட்டில் மட்டும் கதை. நகெட்டுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கினாள். முதலில் முணுமுணுப்பு, பிறகு சத்தமாக. நத்தார் விடுமுறைக்கு முன் வகுப்பில் எழும்பி நின்று நகெட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாளாம். இதற்கு ஏதும் நடந்தால்? அந்த வாய் திரும்ப மூடிக்கொண்டால்?

ஜனவரி 24, வெள்ளி

தை வெள்ளி. வெயில், ஆனால் பொய் வெயில்.

யாரும் வாசிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். நகெட்டுக்குக் கண்ணூறு கழித்தேன்.

போன சனி ரஞ்சி அக்கா குடும்பம் ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்தது. சுதனின் ஒன்றுவிட்ட அக்கா. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டியை ஆரணியின் அறையில் இருந்து தூக்கிவந்து ரி.வி.க்குப் பக்கத்தில் வைத்தோம். நாலு பிள்ளைகளும் மாறி மாறித் தூக்கினார்கள். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "என்னடி உது, பல்லிக்கு இந்தக் கொழுப்பு! கனடாச் சாப்பாடு உதுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். அன்றிலிருந்து சாப்பாடு இல்லை. பெட்டி இன்னும் ரி.வி.க்குப் பக்கத்தில்தான்.

படித்தது பயோகெமிஸ்ற்றி. செய்தது: செத்தல் மிளகாய் மூன்று, ஒரு பிடி உப்பு, பெட்டியைச் சுற்றி மூன்று தரம். ஆரணி பள்ளிக்கூடம், சுதன் மிசிசாகாவில் வேலை. அடுப்பில் பழைய தாச்சி. போட்டேன். வீடு முழுக்கக் கறுப்புப் புகை, புகை அலாரம் காது கிழியக் கத்தல். கதிரையில் ஏறி அதை அமத்தித் திரும்பிப் பார்த்தால், நகெட் பின்னங்காலில் நின்று கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே விடு என்கிற மாதிரி. பிறகு மரப்பட்டைக்குக் கீழே போனது. வரவேயில்லை.

கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். எனக்கு இருமி இருமிக் கண்ணீர். அப்படியென்றால் கண்ணூறும் இல்லை. ரஞ்சி அக்கா பாவம்.

ஜனவரி 25, சனி

மிருக வைத்தியர். சுடுதண்ணீர்ப் போத்தல், கம்பளிக்குள் டப்பா, காரில் ஆரணியின் மடியில். அவள் வழி முழுக்க ஒரு சொல் இல்லை.

வைத்தியர் இளம் பெண். என்னைவிடச் சின்னவளாக இருக்கும். நோய் எதுவும் தெரியவில்லை, பயந்துபோயிருக்கிறது என்றார். அவர் சொன்ன அறிகுறிகள்:
– சாப்பாடு வேண்டாம்
– நாள் முழுக்க ஒளிப்பு, நிறம் மங்கல்
– கண்ணாடியில் ஏறிப் பிறாண்டல்
– வாலை உயர்த்தி மெல்ல ஆட்டினால் பயம். (நுனி மட்டும் படபடத்தால் வேறு: இரையைக் கண்ட குஷி.)

நாலில் நாலு.

பிறகு கேட்டார்: வீட்டில் புகை ஏதாவது? மெழுகுதிரி, வாசனை ஸ்பிறே?

இல்லை என்றேன். ஆரணி பக்கத்தில். அவர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 27, திங்கள்

பனி தள்ளி முதுகு போச்சு. இரண்டு நாளாக அந்த "இல்லை" மனதை விட்டுப் போகவில்லை.

பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். மிளகாய் எரித்ததைச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது இன்னும் மோசமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சொன்னது நல்லது என்றார். சனிக்கிழமை மூச்சுச் சத்தம் சுத்தமாக இருந்ததாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் நுரை கண்டால் உடனே கொண்டுவர வேண்டும்.

மற்றபடி: பெட்டி பழைய அறைக்கு. ஒளிக்க இரண்டு இடம், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. ஈரப் பாசி வைத்த சின்ன டப்பா. விளக்கு நேரத்துக்குப் போட்டு நேரத்துக்கு அணைக்க. புழுவைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போய்விட. ஒரு கிழமைக்கு யாரும் தொடக்கூடாது. எத்தனை தரம் நிறுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "நீங்களும் தொடக்கூடாது" என்றார்.

அதைப் பயமுறுத்தியவர்களில் நான்தான் மிச்சம். நாலு பிள்ளைகளும் ஒரு பின்னேரம் தூக்கினார்கள். நான் ஒன்பது நாளாகத் தூக்குகிறேன்.

ஆரணி வந்ததும் அவளுக்கும் சொன்னேன். முகம் சிவந்தது.

"வை வுட் யூ டூ தற், அம்மா?"

"எனக்குப் பயமாக் கிடந்தது, பிள்ளை."

"நகெட்டுக்கும் பயம்தானே!"

கத்தித்தான் சொன்னாள். திட்டு வாங்கியபடி மனதுக்குள் ஒரு நிம்மதி. கதைக்கிறாள்.

ஜனவரி 29, புதன்

ஆரணியின் அறைக் கதவில் காகிதம். அவளுடைய கையெழுத்து. "அம்மா – நோ." கீழே பல்லிப் படம், ஐந்து கால். சுதனுக்குத் தடை இல்லையாம்.

மத்தியானம் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். திறக்கவில்லை. சுதனுக்கு இன்று லீவு, பின்னால் நின்றிருக்கிறார். "வாரும், தேத்தண்ணி போட்டிருக்கு. உம்மையும் ஒரு கிழமைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது போல." இந்த முறை சிரித்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றினேன். சாம்பிராணி இல்லை. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

கிண்ணத்தில் ஐந்து புழு வைத்தால் ஐந்தும் மிச்சம்.

பெப்ரவரி 1, சனி

காலை ஆரணி ஓடிவந்தாள். "அம்மா, ஹீ ஷெட்! தோல் கழட்டிட்டான்! முழுக்க, விரலிலயும் ஒண்டுமில்லை!"

விரலில் பழைய தோல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பிரச்சினையாம். ஒட்டவில்லை. ஈரப் பாசி வேலை செய்திருக்கிறது. நிறமும் திரும்பிவிட்டதாம், மஞ்சள், "லைக் எ மாங்கோ". நான் பார்க்கவில்லை. கேட்டேன், எழுதுகிறேன்.

புழு இன்னும் ஐந்து.

பெப்ரவரி 3, திங்கள்

மழையும் பனியும் கலந்து. உடுப்புத் தோய்த்தது, மடிக்கவில்லை.

பின்னேரம் ஆறரை. நான் ஆரணியின் அறைக்கு வெளியே தரையில், உடுப்புக் கூடையோடு. அறைக் கதவு விரற்கடை அளவு திறந்தபடி. உள்ளே ஆரணி மெல்ல வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு நின்றது.

"அம்மா." கிசுகிசுப்பு. "வெளியில வந்திட்டான்."

"என்ன செய்யிறான்?"

"கிண்ணத்தைப் பாக்கிறான். வாலை ஆட்டுறான்."

"மெல்லவோ, கெதியாவோ? பிள்ளை, மெல்லவோ?"

"நுனி மட்டும். சூப்பர் ஃபாஸ்ற்... நோ, நீங்க எழும்பாதேங்கோ! நான் சொல்லுறன்."

எழும்பவில்லை. சுதனின் காலுறை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையாலும்.

"ஒண்டு," என்றாள்.

பிறகு, "ரெண்டு."