விசிலுக்கு முதல் நிற்கிறவன்

மார்ச் 3, செவ்வாய்

பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. சப்பாத்துக்குள் தண்ணீர். பஸ்ஸும் பிந்தித்தான்.

ஜிம்மில் முதலாளி ஒரு மலையைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெயர் கென்ஜி. யப்பானில் சுமோ மல்யுத்தக்காரன். இப்போது அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போகிறானாம், அதுவும் சம்பளத்துக்கு! சனிக்கிழமை தேர்வு. அதற்குள் நான் பழக்க வேண்டும்.

அதே தேர்வுக்கு என் தம்பி ஜூட்டும் போகிறான். அமெரிக்காவிலிருந்து வருகிற அணிக்காரர் எடுக்கப்போவது ஒரே ஒரு ஆளை. ஜூட்டுக்கு இருபத்தாறு வயது. பதினொரு வருடம் இதற்காகவே உடம்பை அடித்து முறித்தவன். இனி இன்னொரு தேர்வு கிடைக்காது. இந்த மலை போன கிழமைதான் பிளேனால் இறங்கியது.

முதலாளிக்கு எல்லாம் தெரியும். "தம்பி வேறு, தொழில் வேறு" என்கிறார். நல்ல மனுசன்!

கெ. பற்றி (முழுப்பெயர் எழுத மனமில்லை):
- நூற்று அறுபது கிலோ
- பத்து மீற்றர் ஓடினால் மூச்சு வாங்குகிறது
- இருப்பதில் பெரிய ஹெல்மெட்டும் காதில் தடக்குகிறது
- முதல் அடி மட்டும்... நான் நிமிர முதல் என் நெஞ்சில் நிற்கிறான்

கடைசிக்கு மட்டும் இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன்.

மார்ச் 4, புதன்

வெயில். ஆனால் கடும் குளிர்.

தள்ளிப் பழகுகிற மெத்தைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கெ.க்கு எதிரே நின்றேன். தள்ளினான். என் முழங்கால் நிலத்தில் பட்டதுதான் தாமதம், கையை எடுத்துவிட்டான். இரண்டு அடி பின்னால் போய்க் குனிந்து ஒரு வணக்கம். நாலு தரம் செய்தோம். நாலு தரமும் அப்படியே.

போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். சுமோவில் பாதத்தைத் தவிர வேறு எது நிலத்தில் பட்டாலும் ஆட்டம் முடிந்ததாம். விழுந்தவனை அதற்குமேல் தள்ளுவது மரியாதை இல்லையாம்.

ஃபுட்போலில் விசில் ஊதும்வரை தள்ள வேண்டும். விழுந்தவன் எழும்பிப் போய் எங்கள் பக்கத்தில் பந்து வைத்திருப்பவனை அடிப்பான். விசிலுக்கு முதல் நிற்கிறவனை எந்த அணியும் எடுக்காது. இதைச் சொல்ல ஒரு நிமிடம். பழக்கத்தை மாற்ற இரண்டு நாள் போதும்.

சொல்லவில்லை. "குட், குட்" என்று தோளில் தட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

மூலையிலிருக்கிற டெப்பனர் கடையில் பால் முடிந்துவிட்டது. கறுப்புத் தேத்தண்ணி. முழங்கை வீக்கம், கெ.யின் புண்ணியத்தில்.

ஜூட் கேட்டான்: "அண்ணை, அந்தச் சுமோக்காரன் எப்பிடி?"

"வெறும் உடம்பு. வேற ஒண்டுமில்லை."

"எண்டாலும் வடிவாப் பழக்குங்கோ. நான் வெண்டால் ஆரும் ஒரு கதை கதைக்கக் கூடாது."

ஓம் ஓம் என்றேன். இவனுக்கு இந்த நல்ல பிள்ளைத்தனம் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கெ. தனியாக ஹோட்டலில் இருக்கிறான் என்று ஜூட் அம்மாவிடம் உளறிவிட்டான். "பாவம், கூட்டிக்கொண்டு வா." தவக்காலம், வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை. பட்டினி கிடப்பான் என்று சந்தோஷமாகக் கூட்டி வந்தேன். மூன்று நீத்துப்பெட்டிப் புட்டும் மீன்குழம்பும் முடிந்தது. அம்மா நாலாவதை அவித்தார்.

"எனக்கு?"

"பாண் கிடக்கு, தின். அவன் நாளைக்கு விளையாடுற பிள்ளை."

சாப்பிட்ட பிறகு ஹோலில் ஜூட் அவனுக்குக் கால் வைக்கும் விதம் காட்டிக்கொண்டிருக்கிறான்! எதிரிக்கு! இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. நான் சட்டி கழுவினேன், சத்தமாக.

போகும்போது கெ. போனை நீட்டினான். திரையில்: "ஆசிரியரே, நான் திருத்த வேண்டிய பிழை ஏதும் உண்டா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா சிலுவைப்பாதைக்குப் போனார். எனக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

கர்க்லாண்ட் பக்கம் ஒரு உள்ளரங்கு. முப்பது பேர். கோப்பி வாயில் வைக்கேலாது.

கடைசிச் சுற்றில் கெ.யும் ஜூட்டும் நேருக்கு நேர். முட்டிய வேகத்தில் ஜூட்டின் கால் வழுக்கி, முழங்கால் மடங்கி விழுந்தான். அவனுக்குப் பின்னால் ஓடிவந்த இரண்டு தடியர்கள், நிற்க முடியாத வேகம், நேரே அவன் காலுக்கு மேல்.

கெ. நின்றான். விழுந்தவனுக்கு மேல் காலை அகட்டி நின்று, அந்த இரண்டு பேரையும் தன் நெஞ்சில் வாங்கினான். பிறகு குனிந்து ஜூட்டுக்குக் கை கொடுத்தான். கெ.யின் பக்கத்துப் பந்து பறிபோனது. விசில் அதற்குப் பிறகுதான். அணிக்காரர் தாளில் ஒரு கோடு இழுத்தார்.

பின்னேரம் பெயர் வாசித்தார்கள். ஜூட்.

கெ.யை ஹோட்டலில் விட ஜூட்டின் காரை நான்தான் ஓட்டினேன். ஜூட் முன்சீற்றில், முழங்காலில் ஐஸ். சந்தோஷமாக இல்லை.

"அவன் நிக்காட்டி என்ர கால் போயிருக்கும். ஆனா விசில் ஊதும்வரை தள்ளோணும் எண்டு நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லையோ, அண்ணை?"

"எத்தினை தரம் சொன்னனான். அவன்ர மண்டையில ஏறேல்லை."

ஜூட் அதை மெதுவாகப் போனில் அடித்துப் பின்சீற்றுக்கு நீட்டினான். பிறகு வந்த பதிலை ஜூட் வாசித்தான்:

"மன்னியுங்கள் ஆசிரியரே. நீங்கள் சொன்னதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்."

கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, திரும்பி அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.