நைனா ஆரம்பித்த செபமாலை

நைனா,

முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே புதிதாக ஒரு சைக்கிள் கடை வந்திருக்கிறது. இன்று காலை பால் வாங்கப் போனபோது, கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிவைத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் உன் விரலிடுக்கில் மிச்சம் இருக்குமே, அதே வாசனை. அம்மாவின் செபமாலையிலும் ஒரு காலத்தில் அது ஏறியிருந்தது. மற்ற வீடுகளில் செபமாலை சாம்பிராணி மணக்கும் என்பார்கள். நம் வீட்டில் கிரீஸ்தான் மணந்தது.

"இன்னாமா வேணும்?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உனக்கு எழுதத் தோன்றியது.

அம்பத்தூரில் அடுத்தவர் வயலில் பாடுபட்ட குடும்பத்துப் பிள்ளை நீ. வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தபோது அவற்றில் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தாய். அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் பங்குச் சாமியார் உன்னிடம் ஒரு வாக்குக் கேட்டாராம்: பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க வேண்டும். "சரி சாமி" என்றாய். அதற்கு மேல் உன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மாதா கோயிலில் விட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் சைக்கிளோடு நிற்பாய். மாலையில் அம்மா இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன் எங்களை உட்காரவைத்துச் செபமாலை சொல்லும்போது, நீ வாசற்படியில் பீடி பிடித்துக்கொண்டிருப்பாய்.

அறுபதுகளின் கடைசியில் அம்மாவுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள், தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தாய். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அன்று மாலை விளக்கேற்றிய பிறகு நாங்கள் இருவரும் பழக்கத்தில் படத்துக்கு முன் போய் உட்கார்ந்துவிட்டோம். ஆரம்பிக்கத்தான் ஆள் இல்லை. தம்பி அழத் தொடங்கினான்.

நீ பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தாய். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் சம்மணம் போட்டாய்.

"இன்னாத்துக்கு அழுவுற? நான் ஆரம்பிக்கறேன்."

"உனுக்குத் தெரியுமா நைனா?" என்றேன்.

"தெனம் வாசல்ல குந்திகினு கேட்டுகினுதானே கீறேன்."

உண்மைதான். பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் காதில் விழுந்தபடி தெரிந்திருந்தது. 'திருவயிற்றின் கனியாகிய இயேசு' என்பதை நீ 'திருவேற்காட்டுக் கனியாகிய இயேசு' என்றாய். அழுதுகொண்டிருந்த தம்பி குபீரென்று சிரித்துவிட்டான். நான் திருத்தினேன். "அப்டியா? நம்ம பக்கத்து ஊரு பேரு மாதிரியே கேட்டுச்சி, அதான்" என்று நீயும் சிரித்தாய். அம்மா இல்லாத வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

எங்களுக்குச் சமைத்துப்போட உன் அக்கா வந்து தங்கினாள். அத்தைக்கு எங்கள் மேல் உயிர். இந்தச் செபம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. "அவ வர்ற வரைக்கும் இத்தெல்லாம் எதுக்குடா? புள்ளைங்கள நம்ம கருமாரி கோயிலுக்கு இட்டுகினு போலாம்" என்றாள். நீ சண்டை போடவில்லை. "நீ உன் ஆத்தாகிட்ட கேளுக்கா. நல்லா கேளு. நாங்க இங்க கேக்கறோம். நான் வாக்கு குடுத்துட்டேன்" என்றாய்.

முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை நாள் எனக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞானோபதேசக் கேள்விகளை மனப்பாடம் பண்ண வேண்டும். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் விளக்கடியில் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிக் கேள்வி கேட்பாய்.

"கடவுள் எங்கே இருக்கிறார்?"

"எங்கும் இருக்கிறார்."

"அப்போ எங்க மிஷின் ஷாப்லயும் கீறாரா?"

"கீறாரு நைனா."

"அந்தச் சத்தத்துல எப்டி நிக்கறாரோ பாவம்" என்றாய். நீ கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்தாய்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நீ நேராக அடுப்பங்கரைக்குப் போனாய். நுரையீரலில் அறுவை செய்யப்போகிறார்கள், பிழைப்பது கஷ்டம் என்று அத்தையிடம் நீ சொன்னது அடுப்பங்கரைத் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. மாலையில் வழக்கம்போல ஆரம்பித்தாய். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள்' என்றதோடு நின்றுவிட்டாய். அடுத்த சொல் 'மரணம்'. அது உன் வாயில் வரவில்லை. மறுபடியும் முயன்றாய், மறுபடியும் அங்கேயே நின்றாய். உன் தோள் குலுங்கியது. அப்பன் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று நான் முடித்தேன். பிறகு செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அந்த இடம்வரை நீ கொண்டுவந்தாய், அதற்கப்பால் நாங்கள் கொண்டுபோனோம். கரண்டியும் கையுமாக வந்த அத்தை எங்கள் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்லத் தெரியாது. தம்பியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அம்மா பிழைத்தாள். ஆனாலும் என் புதுநன்மைக்கு வரும் அளவுக்குத் தேறவில்லை. தள்ளிப்போடலாம் என்று நீ நினைத்தாய். "காத்திருக்க வேண்டாம்" என்று அவள் சொல்லியனுப்பினாள். அத்தைதான் வெள்ளை கவுன் தைத்துப் போட்டுவிட்டாள். முந்தின நாள் சாமியார் என்னைக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களே, யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"எங்க நைனா, சாமி."

மறுநாள் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன், பூசை உடுப்பு அணிந்த கோலத்திலேயே சாமியார் வெளியே வந்தார். மரத்தடியில் நின்ற உன் கையைப் பிடித்து, "தகப்பன் வெளியே நிக்கலாமா? உள்ள வாங்க" என்றார். "கையெல்லாம் கிரீஸு சாமி" என்று நீ பின்வாங்கினாய். அவர் விடவில்லை. முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பியபோது உன்னைப் பார்த்தேன். எங்கே கை வைப்பது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல், கண்கள் நிறைய என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அம்மா வீடு திரும்பினாள். அன்று மாலை செபமாலையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாய்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"நீ வந்துட்ட இல்ல."

"வந்துட்டேன். ஆனா நீங்களே ஆரம்பிங்க. நான் கேக்கணும்."

நீ ஆரம்பித்தாய். அதன் பிறகு நம் வீட்டில் எப்போதும் நீதான் ஆரம்பித்தாய். தம்பியின் புதுநன்மைக்கு அவனை ஆயத்தம் செய்ததும், எங்கள் கல்யாணங்களுக்கு முந்தின மாலைகளில் எங்களை மண்டியிட வைத்ததும் நீதான். ஆனால் ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. சாமியார் கேட்டபோது, "எங்கம்மா கீறவரைக்கும் அத அழ வைக்க மாட்டேன் சாமி" என்றாய். உன் அம்மா போய் வெகுகாலம் கழித்தும் கேட்டால் சிரிப்பாய். நீ போன பிறகு, அது அவளுக்கு வருத்தமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவர் எனக்காகக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினார். கடவுளும் தன் வாக்கை அவருக்குக் காப்பாத்துவார்" என்றாள்.

என் மருமகள் இந்துப் பெண். பேத்திக்கு அடுத்த மாதம் புதுநன்மை. "தாய் அப்படியிருக்க, பிள்ளைக்கு விசுவாசம் எப்படி வரும்?" என்று கோயிலில் ஒருத்தி என்னிடம் கவலைப்பட்டாள். எனக்கு அந்தக் கவலை வரவில்லை. ஆனால் மருமகளுக்கு வந்திருக்கிறது. "என்னால பாப்பா குழம்பிடுவாளா அத்தை?" என்று போன வாரம் கேட்டாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே உன் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவளும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தை, பாப்பா சொல்ற செபத்துல, நமக்குத் தீமை செஞ்சவங்கள நாம மன்னிக்கிறது போலன்னு ஒரு வரி வருதே. அது நிஜமா முடியுமா?"

"எனக்கே இன்னும் முழுசா முடியலம்மா. பாப்பாவோட உக்காந்து நாமளும் கேப்போம்" என்றேன்.

உட்கார்ந்தோம், மூன்று பேரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது உன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது, நைனா. அதற்கு மேல் பெரிதாக எதுவும் எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள்