பார்க்காத இடத்தில் இருந்தது

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு,

சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு நம் வீட்டின் பொதுக்குழு அவசரமாகக் கூடியது. கூடத்து சோபாவை ஜன்னல் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் நகர்த்துவது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அம்மா வெளிநடப்பு செய்திருந்ததால் ஒருமனதாக.

நகர்த்திய சோபாவில் முதலில் உட்கார்ந்தவர்கள் மாதனூர் கலைச்செல்வியும் அவள் மாமியாரும். கலைச்செல்வியை உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. நான்கு வயது மகள் யாழினி இன்னும் நடக்கவில்லை, பேசவில்லை. உன் ஆய்வகத்தில் முதலில் செய்த மரபணுப் பரிசோதனையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. மாமியார் அதைக் கேட்டதும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு டாக்டருங்களே சொல்லிட்டாங்க. அப்போ எங்க ரத்தத்துல கொறை இல்ல. இவ வயிறுதான் சரியில்ல."

மகனுக்குக் குடியாத்தத்தில் இன்னொரு பெண் பார்க்கவும் தொடங்கினார்.

நீ சொன்ன பதிலை, உன்னோடு வேலை பார்த்த நஸ்ரீன் இன்றும் உன் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள். "ஒண்ணும் இல்லன்னு நாங்க சொல்லலம்மா. நாங்க பாத்த எடத்துல இல்ல. பாக்காத எடம் ஜாஸ்தி."

பார்க்காத இடம் என்றால், புரதம் செய்வதற்கான குறிப்பு இல்லாத பகுதி. நம் மரபணுத் தொகுப்பில் பெரும்பகுதி அதுதான். படித்தவர்கள் பல காலம் அதைக் குப்பை என்றே அழைத்தார்கள். புரியாததற்குக் குப்பை என்று பெயரிடுவது அறிவுலகில் அனுமதிக்கப்பட்ட முறை. நீயோ அங்கிருந்து நகலாகி வரும் ஆர்.என்.ஏ.க்கள்மேல் பிரியமாக இருந்தாய்.

"ஷூ கம்பெனிய எடுத்துக்கோடா. எப்போ தைக்கணும், எவ்ளோ தைக்கணும், எப்போ நிறுத்தணும்னு சொல்ற சூப்பர்வைசர் ஒரு ஷூகூட தைக்கமாட்டாரு. அவரு லீவு போட்டா பூரா இடது கால் ஷூவா வந்து குவியும்."

கருவில் ஒரே மாதிரி இருக்கும் செல்களில் சில இதயமாகவும் சில மூளையாகவும் பிரிவதில் இந்தச் சூப்பர்வைசர்களுக்குப் பங்கு உண்டு என்பாய். ஒருமுறை டவுன் பஸ்ஸில் என்னிடம், "அது தானா எதையும் செய்யாது. ஆனா யார் எப்போ வாயத் தெறக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும்" என்றாய். பக்கத்து சீட்டு அம்மாள் பரிவோடு, "மாமியாராம்மா?" என்று கேட்டார். நீ யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றாய்.

யாழினியின் தொகுப்பு முழுவதையும் படிக்க ஏற்பாடு செய்தவள் நீ. முடிவு வருவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. அப்படி என்ன அவசரம் அக்கா?

நஸ்ரீன் விடவில்லை, தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். மரபணுவிலிருந்து வரும் செய்தியை வெட்டி ஒட்டும் வேலையில் உதவுகிற, புரதம் எதுவும் செய்யாத சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று. அதன் குறிப்பில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. கலைச்செல்வியிடம் அது இல்லை, அவள் கணவனிடமும் இல்லை. யாழினியிடம் புதிதாக வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இருவரும் ஞாயிறன்று நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அப்போ யார்மேல குத்தம்?" என்று சோபாவிலிருந்து கேட்டார் மாமியார்.

"யார்மேலயும் இல்லன்னு நஸ்ரீன் மேடம் சொன்னாங்கல்ல அத்த" என்றாள் கலைச்செல்வி.

"யார்மேலயும் இல்லாம ஒரு குத்தம் எப்பிடி வரும்?"

நம் மாவட்டத்தில் இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. அம்மா காப்பியை வைத்துவிட்டு, "எங்க எஸ்தர் போனதுக்கு யார்மேல குத்தம், சொல்லுங்க" என்றாள்.

மாமியார் காப்பியைக் குடித்தார்.

மருந்து இதுவரை இல்லை. யாழினி சுவரைப் பிடித்து நிற்கப் பழகுகிறாள். மாமியார் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி என்னிடம், "எஸ்தர் மேடம் பாக்கலன்னா இன்னிக்கு நான் அந்த வீட்டுல இல்ல சார்" என்றாள். உன்னைப் பற்றிப் பேசிய எத்தனையோ பேரில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இனி என் காதுபட யாராவது 'ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை' என்றால், எங்கே பார்த்தார்கள் என்று கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

குடியாத்தத்துப் பெண்ணுக்காக எடுத்து வைத்திருந்த புடவையை மாமியார் கலைச்செல்விக்குக் கொடுத்துவிட்டார். அன்று அவள் அதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

உன் தம்பி,
தேவா