மேல் வளைவிலிருந்து தெரியும் கடல்

ராத்தா, வியாழக்கிழமை காலை உறுதியான செய்தி இது. கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவின் மேல் வளைவில் நாம் வேனை நிறுத்திச் சோறு தின்னும் அந்த இடம் யாருக்கும் குத்தகைக்குக் கொடுக்கப்படாது. தகர வேலி அகற்றப்படும். விளிம்பில் உள்ள தடுப்புக் கட்டு இப்போதிருக்கும் இடுப்பளவு உயரத்தைத் தாண்டாது. சொன்னவர் அந்த வீதிக்குப் பொறுப்பான பொறியியலாளர். கூட்டத்தின் தீர்மானத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். மனிதர் சலித்துக்கொள்ளாமல் வாசித்தார்.

போனை வைத்துவிட்டுப் பயணப் பையை எடுத்தேன். பக்க உறையில் ஒரு தேசிக்காய் கிடந்தது. கடைசிப் பயணத்தில் நீங்கள் திணித்தது. காய்ந்து, கறுத்து, பாக்குப் போல இறுகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். எலுமிச்சை வாசம் இன்னும் முழுதாய்ப் போய்விடவில்லை. "வளைவு கிறுகத் தொடங்கினா மூக்கில வை. வேனுக்குள்ள சத்தி எடுத்தியெண்டா இறக்கி உட்டுட்டுப் போயிருவன்" என்று நீங்கள் சொல்வது அந்த வாசத்தோடு சேர்ந்தே வந்தது.

கடலுக்கும் வயலுக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கிற ஊர் நம்முடையது. நமக்கு உயரமென்றால் பள்ளிவாசல் மினாராதான். அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை என்று கண்டிக்குப் போகிற வழியில் திடீரென்று மலை எழுந்து நிற்கும்போது கல்முனை வேன்களில் பேச்சு நின்றுவிடும், வாந்திக்குப் பயந்து தேசிக்காய்கள் வெளியே வரும். மருதமுனைச் சாரன்களையும் சேலைகளையும் கண்டிக் கடைகளுக்குக் கொண்டுபோகும் உங்களுக்கு மட்டும் அந்த இடத்தில்தான் பேச்சே தொடங்கும். கண்டியில் வேலை இருந்தால் நானும் தொற்றிக்கொள்வேன். வேலை இல்லாவிட்டால் ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்வேன்.

முதல் தடவை மேல் வளைவில் இறங்கியபோது கீழே காலைப் பனி வெள்ளையாகப் பரந்து கிடந்தது. அதன் நடுவே ஓரிடம் தகடு போல மினுங்கியது. நீங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினீர்கள்.

"அந்தா பாரு தம்பி, கடல்."

"எந்தக் கடல் ராத்தா?"

"எந்தக் கடலா? எங்கட கடல்தான். கிழக்குப் பக்கம் வேற யாரு கடல் வெச்சிரிக்காங்க?"

வேனை ஓட்டிய சலீம் தடுப்புக் கட்டின்மேல் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "ராத்தா, உங்கட ஊட்டுக்காரர் வளவில சாரன் காயப்போடுறதும் தெரியுதா?"

"தெரியுது. உன்ட பொண்டாட்டி உன்னத் தேடி வெளிய வந்து நிக்கிறதும் தெரியுது. ஏறி ஓட்டு."

ஊருக்குத் திரும்பியதும் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்யும் நண்பரிடமும் கேட்டேன். அடுத்த பயணத்தில் அதே இடத்தில் வைத்து, மினுங்குவது அடிவாரத்துக் குளமொன்று என்று உங்களுக்குக் காட்டினேன். வரைபடத்தை நீங்கள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"குளம் கிட்டக் கிடக்கட்டும். நான் சொல்றது அதுக்கு அங்கால."

அதற்குள் பனி மூடிவிட்டது. நான் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "உனக்குக் கண்ணால காணுறது போதா. ஒராள் வந்து சொல்லவும் வேணும்" என்றீர்கள். என் பத்திரிகைத் தொழிலைப் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வேனில் வருகிற ஒவ்வொரு புதிய ஆளுக்கும் நீங்கள் கடலைக் காட்டினீர்கள். நான் ஒவ்வொரு முறையும் குளம் என்றேன். கேட்டவர்கள் உங்கள் பக்கமே சாய்ந்தார்கள்.

கடலைக் காட்டிவிட்டு உரப் பையை விரிப்பீர்கள். சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட், வெறும் போத்தல், மீன் முள் எல்லாம் அதற்குள் போக வேண்டும். திரும்பும் வழியில் மகியங்கனைக்கு இறங்கும்போது குப்பை சேர்க்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். ஒருமுறை யாரோ ஒரு பெண் லஞ்ச் சீட்டைக் கட்டுக்கு அப்பால் வீசினாள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "புள்ள, அது எங்க போய் விழுந்திச்சு எண்டு கண்டியா? இல்ல. அப்ப எங்கட கடலுக்குள்ளதான் விழுந்திரிக்கும்." அவள் சிரித்தாள். அதற்கு மறுகா ஒன்றும் வீசவில்லை. பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கருணாவதி அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு முதல் தேத்தண்ணியைச் சும்மா ஊற்றித் தந்தார். நீங்கள் அரைச் சிங்களமும் அவர் அரைத் தமிழுமாகக் கதைத்து முடிப்பதற்குள் குரங்கு வந்து என் பார்சலைத் தூக்கிப்போனது. நீங்கள் இருவரும் சிரித்ததை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

கடைசிப் பயணத்தில் வேனுக்குள் சாரன் மூட்டை இல்லை. கண்டியில் உங்களை டொக்டரிடம் காட்டப் போனோம். மேல் வளைவில் சலீம் வேனை நிறுத்தினான். கட்டு நெடுகிலும் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்திருந்தார்கள். ஏதோ கம்பனி அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறது, கண்ணாடி வைத்த சாப்பாட்டுக் கடை வரப்போகிறது, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்று கருணாவதி சொன்னார். அவருடைய கடையும் போகும்.

"அப்ப சத்தி எடுக்கிற ஆக்கள் எங்க நிக்கிற?" என்று கேட்டீர்கள். கருணாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பிறகு சலீமின் தோளைப் பிடித்துக்கொண்டு தகரத்தை நெடுகிலும் தடவிப் போனீர்கள். ஆணி கழன்ற ஒரு துளை அகப்பட்டது. அதில் கண்ணை வைத்து நின்றீர்கள்.

"தெரியுதா ராத்தா?" என்று சலீம் கேட்டான். அன்றைக்கு அவன் பகிடி பண்ணவில்லை.

"ஒள்ளுப்பம் தெரியுது, இந்த ஓட்டையளவு." கண்ணை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டீர்கள். "தம்பி, கடல எழுதாட்டிப் போகட்டும். இந்தத் தகரத்த எழுது."

எழுதினேன். அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டு எழுதினேன். இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது. அதையும் எழுதினேன். உங்கள் கண்டிக் கடைக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள். குத்தகையை முடிவுசெய்யும் கூட்டத்துக்குக் கருணாவதி ஊராட்களைக் கூட்டிக்கொண்டு போனார். இங்கிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் போனார்கள். வழியில் மலசலகூடம் இல்லாததால் மகா ஓயாவிலிருந்து கண்டி வரைக்கும் தாங்கள் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அவர்களில் ஒருத்தி எழும்பிச் சொன்னபோது கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். மேல் வளைவைக் காப்பாற்ற வந்த இடத்தில் இதையும் கேட்டுவிட்டாள். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்டால் மறுத்திருப்பீர்கள்.

அன்று முடிவு வரவில்லை. ஒத்திவைத்தார்கள். நீங்கள் படுக்கையில் இருந்து கேட்டது ஒரே கேள்விதான்: "தகரம் நிக்குதா?" ஓம் என்றேன். நோன்பு தொடங்குவதற்கு முன் அடக்கம் செய்ய உங்கள் ஜனாஸாவைத் தூக்கும்போதும் அது நின்றது.

தொலைபேசியில் வாசித்துக் கேட்டது அரைச் செய்தி. அதனால் சனிக்கிழமை சலீமோடும் உங்கள் மகளோடும் ஏறிப் போனேன். தகரம் இல்லை. கட்டு நெடுகிலும் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. காற்று பழையபடி முகத்தில் அடித்தது. உங்கள் மகள் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கருணாவதி தேத்தண்ணியோடு ஓடிவந்தார். வந்தவர், நாங்கள் இறங்கிய பிறகும் வேன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். மாதக்கணக்காக நெஞ்சில் இருந்த பாரம் அந்த இடத்தில்தான் இறங்கியது.

பக்கத்தில் சாய்ந்தமருதுக் குடும்பமொன்று பார்சல் அவிழ்த்துக்கொண்டிருந்தது. புருசன்காரன் கையை நீட்டி மனைவிக்குக் காட்டினான்.

"அந்தா மினுங்குது. நம்மட கடல்."

"சும்மா பொய் செல்லாதீங்க."

"பொய்யா? பேப்பர்லயே வந்த கத புள்ள இது."

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்தப் பேப்பர்ல தம்பி?" என்று கேட்டேன். நான் எழுதுகிற பத்திரிகையின் பெயரைத் தயங்காமல் சொன்னான். "அதில எழுதுற ஒராள்ட ராத்தாதான் மொதல்ல கண்டவவாம்."

சலீம் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். உங்கள் மகளின் தோள் குலுங்கியது.

"அது குளம் தம்பி" என்றேன்.

"குளம் கிட்டக் கிடக்கு காக்கா. நான் செல்றது அதுக்கு அங்கால."

பார்த்தேன் ராத்தா. குளத்தில் நிறுத்தாமல், அதற்கு அப்பால் பார்த்தேன். வெளி முடிகிற இடத்தில் நீலமும் சாம்பலுமாக ஒரு மூட்டம். அது வானமா, தண்ணியா, தூசியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மினுங்குவது குளம் என்பதை நான் விசாரித்து உறுதிப்படுத்தினேன். அதற்கப்பால் கடல் தெரியாது என்பதை ஒருநாளும் உறுதிப்படுத்தியதில்லை.

சோறு தின்று முடிய உங்கள் உரப் பையைத்தான் விரித்தோம். சாய்ந்தமருதுக்காரரின் குப்பையும் அதற்குள் போனது. மகியங்கனையில் குப்பையைக் கொடுத்துவிட்டு மடித்த உரப் பை இப்போது என் பயணப் பையில் இருக்கிறது. பக்க உறையில் புதிய தேசிக்காய் ஒன்றும் பழையதும்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. பெண்களுக்கான மலசலகூடம் மாரி தொடங்குவதற்கு முன் கட்டி முடியும் என்று பொறியியலாளர் வாயால் சொல்லியிருக்கிறார். தீர்மானத்தில் அது இல்லை, ஆகவே விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்றது கடல். மாரி ஓய்ந்து, வானம் கழுவி வைத்தாற்போல இருக்கும் ஒரு தை மாதக் காலையில் அது தெரியவரும். மறைப்பதற்கு அங்கே இப்போது தகரம் இல்லை.